அளந்து பார்த்தால் மிச்சம்: வீட்டில் நாமே செய்யக்கூடிய சிறு வேலைகள்



ரயில்வேயில் மின்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், நம் சங்கத்தில் என்னைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். "சார், கரண்ட் பில் ஏன் இப்படி ஏறுகிறது?" என்பது ஒன்று. "சின்ன வேலைக்குக் கூப்பிட்டால் ஆள் வருவதில்லை, வந்தாலும் கூலி கட்டுப்படியாகவில்லை, என்ன செய்வது?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் சேர்த்து எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு டெஸ்டர், ஒரு திருப்புளி, ஒரு ஸ்பேனர், கையில் ஒரு கடிகாரம் இருந்தால் போதும்.

பழைய வகை ரயில் பெட்டி ஸ்டேஷனில் நிற்கும்போது அதன் விளக்கும் ஃபேனும் பெட்டிக்கு அடியில் இருக்கும் பேட்டரியிலிருந்து 110 வோல்ட்டில் ஓடும். பெட்டி ஓடும்போதுதான் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஆல்டர்னேட்டர் அந்த பேட்டரியை நிரப்பும். ஆகவே எந்த ஃபேன் எவ்வளவு இழுக்கிறது, எங்கே வீணாகிறது என்று அளந்து பார்க்காமல் நாங்கள் எதையும் கழற்ற மாட்டோம். முதலில் அள, பிறகு தொடு. வீட்டுக்கும் இதுவே பொருந்தும்.

200 யூனிட் கணக்கு

மின்சாரத்துக்கும் கர்நாடகத் தமிழர்களுக்கும் உறவு பழையது. பாலக்காட்டில் பிறந்த சேஷாத்ரி அய்யர் மைசூர் திவானாக இருந்த காலத்தில் திட்டமிட்ட சிவசமுத்திரம் மின்நிலையத்திலிருந்து, 1902இல் சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துக் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுபோனார்கள். அந்தச் சுரங்கங்களில் உழைத்தவர்களில் பெரும் பகுதியினர் நம்மவர்கள்.

இன்றைய விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே மீட்டர் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 2016இல் முதல் 100 யூனிட்டை இலவசமாக்கியபோது, அதற்குமேல் எவ்வளவு செலவழித்தாலும் அந்த 100 யூனிட் கழிந்துவிடும் என்று வைத்தார்கள். இங்கே கணக்கு மாதாமாதம். 2023இல் வந்த கிருஹ ஜோதி திட்டத்தில், 2022-23இல் உங்கள் வீட்டின் சராசரி எவ்வளவோ அதோடு கொஞ்சம் சேர்த்து ஒரு வரம்பு வைத்தார்கள். அந்த வரம்பைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் பணம். ஆனால் மாதம் 200 யூனிட்டைத் தாண்டிவிட்டால் சலுகையே இல்லை, முழு பில்லையும் கட்ட வேண்டும். வாடகை வீட்டுக்காரர்களுக்கும் இந்தத் திட்டம் உண்டு.

அதாவது 198 யூனிட்டுக்கும் 203 யூனிட்டுக்கும் இடையே உள்ளது வெறும் ஐந்து யூனிட் அல்ல, ஆயிரம் ரூபாய்க்கு மேல். பென்ஷனில் வாழ்கிறவருக்கும், ஒருவர் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கும் இது சின்னத் தொகையா?

ஆகவே ஞாயிற்றுக்கிழமை தோறும் மீட்டரைப் பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். வாரத்துக்கு 45 யூனிட்டுக்குள் இருந்தால் மாதம் 200க்குள் நிற்கும். கூடினால் பில் வரும்வரை காத்திராமல் இரண்டாவது வாரத்திலேயே தெரிந்துவிடும்.

மீட்டரின் சிவப்பு விளக்கு சொல்லும் செய்தி

எலெக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் அது 3200. அப்படியானால் ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையே எத்தனை விநாடி என்று எண்ணி, 1125ஐ அந்த எண்ணால் வகுங்கள். வருவது அப்போது ஓடும் வாட். 15 விநாடிக்கு ஒருமுறை மின்னினால் 75 வாட், பழைய சீலிங் ஃபேன் ஒன்று ஓடுகிறது என்று பொருள். மீட்டரில் 1600 என்று இருந்தால் 1125க்குப் பதிலாக 2250. வேறு எண் இருந்தால் 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள்.

இனி சோதனை. ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், டி.வி., செட்டாப் பாக்ஸ், சார்ஜர் உட்பட எல்லா ஸ்விட்சையும் அணையுங்கள். மெயின் மட்டும் போட்டபடி இருக்கட்டும். ஐந்து நிமிடம் பார்த்தும் விளக்கு மின்னாவிட்டால் நல்லது. மின்னினால் நாம் அணைக்க மறந்த ஏதோ ஒன்று ஓடுகிறது, அல்லது வயரிங்கில் கசிவு இருக்கிறது. எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போனால், எதை அணைத்ததும் மின்னல் நிற்கிறதோ அந்தப் பக்கம்தான் கோளாறு. அதன்பிறகு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இடத்தைச் சுட்டிக்காட்டினால், வீடு முழுவதும் தேடும் கூலி மிச்சம்.

ஓயாமல் 25 வாட் வீணானால் மாதத்துக்கு 18 யூனிட். யாரும் பார்க்காத டி.வி.யையும் செட்டாப் பாக்ஸையும் ரிமோட்டில் அணைப்பதை விட்டுச் சுவர் ஸ்விட்சில் அணையுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஃபேன், விளக்கு, கெய்ஸர்

75 வாட் ஃபேன் தினம் பத்து மணி நேரம் ஓடினால் மாதம் இருபத்திரண்டரை யூனிட். பி.எல்.டி.சி. என்ற புது வகை ஃபேன் ஏறக்குறைய 30 வாட்தான் எடுக்கும், மாதம் 9 யூனிட். மூன்று ஃபேன் மாற்றினால் 40 யூனிட் குறையும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. ராத்திரி முழுவதும் ஓடும் படுக்கையறை ஃபேனை முதலில் மாற்றுங்கள். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம். கடையில் விலையைப் பார்க்குமுன் அதைப் பாருங்கள்.

பூஜை அறையிலோ பாத்ரூமிலோ பழைய 60 வாட் குண்டு பல்பு இன்னும் இருந்தால் இன்றே 9 வாட் எல்.இ.டி. போட்டுவிடுங்கள்.

மைசூரில் ஏ.சி. இல்லாமல் காலம் தள்ளலாம், ஆனால் மார்கழிக் குளிரில் கெய்ஸர் இல்லாமல் முடியாது. 2000 வாட் கெய்ஸர் அரைமணி எரிந்தால் ஒரு யூனிட். தினம் ஒன்றரை மணி எரிந்தால் மாதம் 90 யூனிட்! வீட்டில் எல்லாரும் அடுத்தடுத்துக் குளித்துவிட்டு உடனே அணைத்துவிடுங்கள். காலை முழுவதும் போட்டு வைத்தால், சூடு ஆற ஆற அது மறுபடி மறுபடி எரியும். வெளியே திருகு இருக்கிற மாடலில் சூட்டை 50 டிகிரி அளவில் வைத்தால் போதும்.

ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரைச் சோதிக்க, ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் ரப்பர் பிடிக்கவில்லை. முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்துப் பார்த்து, அதன் பிறகும் பிடிக்காவிட்டால் ரப்பரை மாற்றலாம்.

மெதுவாகச் சுற்றும் ஃபேன்

ஐந்தில் வைத்தும் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது குச்சியால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது என்றால், பெரும்பாலும் மோட்டார் கெட்டிருக்காது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் தளர்ந்திருக்கும். புதிது நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். செய்யும் முறை:

1. மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். மெயின் அணைந்தாலும் இன்வெர்ட்டரிலிருந்து ஃபேனுக்குக் கரண்ட் வரும். இது பலருக்குத் தெரிவதில்லை.

2. ஆடாத ஏணியைப் போட்டு, கீழே ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஃபேன் தண்டில் உள்ள கிண்ண மூடியைத் தளர்த்தினால் சிறிய டப்பா போன்ற கெப்பாசிட்டர் தெரியும். டெஸ்டரால் வயர்களைத் தொட்டுக் கரண்ட் இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

3. கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். பிளாஸ்டிக் பிடியுள்ள திருப்புளியால் அதன் இரு முனைகளையும் சேர்த்துத் தொட்டால் போய்விடும்.

4. வயர் இணைப்பைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழையதில் என்ன அளவு அச்சிட்டிருக்கிறதோ, பொதுவாக 2.5 மைக்ரோஃபாரட், அதே அளவு வாங்குங்கள். பழையதையே கடையில் காட்டி "இதே கொடி" என்றால் போதும், கன்னடம் வராதவர்களுக்கும் சிரமமில்லை. பெரிய அளவு போட்டால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மோட்டார் சுடும்.

5. இரண்டு வயரையும் அதே இடத்தில் இணைத்து, இன்சுலேஷன் டேப் சுற்றி, மூடியை ஏற்றிவிடுங்கள்.

பி.எல்.டி.சி. ஃபேனுக்கு இந்த வைத்தியம் பொருந்தாது. அதற்குள் இருப்பது எலெக்ட்ரானிக் சர்க்யூட்.

சொட்டும் குழாய்

விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு, சுமார் 20 லிட்டர். மாதம் 600 லிட்டர். மொட்டைமாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டு ஏற்றுகிற வீட்டில் தண்ணீரோடு மின்சாரமும் சேர்ந்து சொட்டுகிறது.

பழைய திருகு குழாய்க்கு வாஷர் மாற்றுவது பத்து நிமிட வேலை. வால்வை மூடி, குழாயில் மிச்சமுள்ள தண்ணீரை வடித்து, தலைப்பகுதியை ஸ்பேனரால் கழற்றினால் அடியில் தேய்ந்த வாஷர் இருக்கும். அரை இஞ்சு வாஷர் என்று கேட்டு வாங்கிப் போடுங்கள். கால் திருப்பில் திறக்கும் புதுக் குழாய்களில் வாஷருக்குப் பதில் உள்பகுதியையே மாற்ற வேண்டும், அதைக் கழற்றி எடுத்துப்போய்க் காட்டுங்கள். மரையில் டெஃப்லான் டேப் சுற்றும்போது மரை முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போது டேப் உரிந்து வந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாமல் ஒழுகுவது ஃப்ளஷ் டேங்க். கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை டேங்கில் போட்டு அரைமணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் டேங்கின் அடி ரப்பர் தேய்ந்துவிட்டது.

அடுப்படியில்

அடுப்புச் சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் கேஸ் வீணாகிறது. பர்னர் ஆறியபின் புளி கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டு, ஓட்டைகளை ஊசியால் குத்தி, நன்றாகக் காயவைத்துப் பொருத்துங்கள். துவரம்பருப்பை அரைமணி ஊறவைத்து, முதல் விசில் வந்ததும் அடுப்பைத் தணித்தால் கேஸ் கண்கூடாக மிச்சமாகும்.

சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்று அறிய, ஈரத்துணியால் மேலிருந்து கீழாக ஒரு பட்டை துடையுங்கள். காலியான பகுதி சீக்கிரம் காயும், கேஸ் உள்ள பகுதி ஈரமாகவே நிற்கும். ஈரக்கோடுதான் மட்டம்.

சிலிண்டர் வந்ததும் அதன் கழுத்துப் பட்டையில் உள்ள எழுத்தையும் ஆண்டையும் பாருங்கள். ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன் வரை, சி செப்டம்பர் வரை, டி டிசம்பர் வரை. அந்தத் தவணை தாண்டியிருந்தால் வாங்காமல் வேறு கேளுங்கள். சுரக்ஷா ரப்பர் குழாயை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கசிவைச் சோதிக்கச் சோப்பு நுரை மட்டுமே, தீக்குச்சி கூடவே கூடாது. கசிவு வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906க்குப் போன் செய்யுங்கள்.

நாம் தொடக்கூடாதவை

மிச்சம் பிடிப்பதில் ஓர் எல்லை உண்டு. மெயின் போர்டு, எர்த் இணைப்பு, கெய்ஸரின் உள்பகுதி, மைக்ரோவேவ் அடுப்பு, கேஸ் ரெகுலேட்டர் ஆகியவற்றை அந்தந்த வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். ஃபியூஸ் போனால் தடித்த கம்பியைச் சுற்றாதீர்கள். பிறகு உருகுவது ஃபியூஸாக இருக்காது, சுவருக்குள் இருக்கும் வயராக இருக்கும். அதிர்ச்சியிலிருந்து காப்பாற்றும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உங்கள் போர்டில் இருந்தால், அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். டக்கென்று விழ வேண்டும். இல்லாதவர்கள் முதலில் செய்ய வேண்டிய செலவு அதுதான். அந்தச் செலவில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ரயில்வேயில் லைனைத் தொடுமுன் சப்ளையை நிறுத்தி, எர்த் செய்து, எழுத்தில் அனுமதி வாங்குவோம். வேலை முடிந்து ஆட்கள் எல்லாரும் விலகினார்கள் என்று அந்த அனுமதிச் சீட்டைத் திருப்பிக் கொடுக்கும்வரை யாரும் சப்ளை கொடுக்க முடியாது. வீட்டில் அத்தனை தேவையில்லை. ஆனால் மெயினை அணைத்ததும் "வேலை நடக்கிறது, தொடாதே" என்று ஓர் அட்டையை மாட்டி, வீட்டில் இருப்பவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சீரியல் பார்க்கும் நேரத்தில் கரண்ட் போய்விட்டதே என்று மெயினைப் போடப் போகிறவர் வேறு யாருமல்ல, நம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

அந்தப் பிள்ளைகளையே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு விளக்கின் விநாடியை எண்ணி வகுக்கச் சொல்லுங்கள், வாஷரை அவர்கள் கையால் போடச் சொல்லுங்கள். ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்க வேண்டாம். நாளை பெங்களூரிலோ துபாயிலோ தனியாக வாடகை அறையில் இருக்கும்போது, ஒழுகும் குழாயைப் பார்த்து அவர்கள் பயப்படமாட்டார்கள்.

இந்த வாரமே மீட்டரை எழுதத் தொடங்குங்கள். நாலு வாரக் கணக்கோடு சங்கத்துக்கு வந்தால், எந்த வீட்டில் எது அதிகம் இழுக்கிறது என்று உட்கார்ந்து பார்ப்போம்.