விளக்கு ஒன்றே, சுற்று வேறு

ஒரு சிறு மின்விளக்கை மின்கலத்துடன் இணையுங்கள், பளிச்சென்று எரியும். அதனுடன் இன்னொரு விளக்கைத் தொடராக இணையுங்கள், ஒளி மங்கிவிடும். விளக்கு பழுதாகிவிட்டதா? இல்லை. மாறியது சுற்றுதான்.

கூடைப்பந்து ஆட்டத்திலும் இத்தகைய விந்தை உண்டு. களத்தில் ஓர் அணிக்கு ஐவர், பந்தோ ஒன்றே. அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் 24 வினாடிக்குள் பந்தைக் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். எனவே ஒருவர் அதிகம் எறிந்தால் மற்றவர்களுக்கு வாய்ப்புக் குறையும்.

புள்ளி குவிப்பதில் வல்ல கார்டு அலென் ஐவர்சனை எடுத்துக்கொள்வோம். அவர் உயரம் 6 அடிதான். பிலடெல்பியா அணியில் பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தைத் தொடங்கும் வேலையை எரிக் ஸ்னோ ஏற்றார். 2001 பிப்ரவரியில் வந்த டிகெம்பே முட்டோம்போ கூடையைக் காத்தார். குறி தவறிய பந்துகளைக் கைப்பற்றினார். எறியும் சுமை ஐவர்சனுக்கு. 2000–01 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 25.5 எறிதல்கள், 31.1 புள்ளிகள். கூடையில் விழுந்தவை நூற்றுக்கு 42 மட்டுமே. ஆயினும் அணி 56 ஆட்டங்களில் வென்று, இறுதிப் போட்டி வரை சென்றது.

2006 டிசம்பரில் அவர் டென்வர் அணிக்கு மாறினார். அங்கே கார்மெலோ ஆன்டனி என்ற மற்றொரு புள்ளிக் குவிப்பாளர் இருந்தார். எதிரணி இருவரையும் கவனிக்க வேண்டியதாயிற்று. 2007–08இல் ஐவர்சனின் எறிதல்கள் 19 ஆகக் குறைந்தன. விழுந்தவை நூற்றுக்கு 45.8 ஆக உயர்ந்தன. குறி கூடியது, அணியோ 50 வெற்றிகளுடன் முன்னேறி, அடுத்த கட்டத்தின் முதல் சுற்றிலேயே நான்கு ஆட்டங்களிலும் தோற்றது.

2008 நவம்பரில் ஐவர்சன் டெட்ராய்ட் சென்றார். அங்கிருந்து சான்சி பில்லப்ஸ் டென்வர் வந்தார். பிறருக்குப் பந்தளித்து ஆட்டத்தை நடத்துவதில் பில்லப்ஸ் தேர்ந்தவர். டென்வருக்கு 54 வெற்றிகள். மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்று வரை முன்னேற்றம். முந்தைய பருவத்தில் 59 ஆட்டங்களில் வென்றிருந்த டெட்ராய்ட்டோ 39க்கு இறங்கியது.

ஐவர்சனுக்கு அப்போது வயது 33. வேறு காரணங்களும் இருக்கலாம். எனினும் ஒன்று தெளிவு. வீரரின் திறமை அவருடையது. அதன் பயன் அணியுடையது.

உங்கள் பள்ளி அணியில் ஒருவர் சோபிக்கவில்லையா? அவரை நீக்குமுன், அவரைச் சுற்றியுள்ள நால்வரையும் ஒருமுறை பாருங்கள்.