மரத்திற்கும் ஒரு வாழ்நாள் சான்றிதழ்

ஓய்வூதியம் பெறும் வாடிக்கையாளர்கள் வாழ்நாள் சான்றிதழ் அளிக்கும் மாதம் நவம்பர். அம்மாதத்தில் வங்கிக் கிளைகளில் காலை முதலே கூட்டம் நிறைந்திருக்கும். சில ஆண்டுகளுக்கு முன்பு தில்லியில் ஒரு கிளையின் மேலாளராக நான் பணியாற்றியபோது, அந்த நவம்பரில் ஒரு மரத்திற்கும் அச்சான்றிதழ் தேவைப்பட்டது.

அது ஏழடி உயரமுள்ள ஃபைகஸ் பெஞ்சமினா. ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் பேரினத்தைச் சேர்ந்தது. பளபளக்கும் சிற்றிலைகளும் தாழ்ந்து தொங்கும் கிளைகளும் உடையது. பாங்காக் மாநகரத்தின் சின்னமாக விளங்குவதும் இம்மரமே. வெட்டவெளியில் பெருமரமாக வளரக்கூடிய இதனைத் தொட்டிக்குள் அடக்கி, வீட்டுக் கூடங்களிலும் அலுவலகங்களிலும் வளர்க்கிறோம். எங்கள் கிளையில் இருந்ததை, பணி ஓய்வு பெற்ற அலுவலக உதவியாளர் ஒருவர் ஓரடிக் கன்றாகக் கொண்டுவந்து 12 ஆண்டுகள் பேணி வளர்த்திருந்தார். விடைபெறும் நாளில் அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: மரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது.

அவர் சென்ற சில மாதங்களில் கிளையில் சீரமைப்புப் பணி தொடங்கியது. கிழக்குச் சன்னலருகே இருந்த மரத்தை, குளிரூட்டி ஓயாது இயங்கும் ஏ.டி.எம். அறையை ஒட்டிய மூலைக்கு நகர்த்தினோம். இரண்டு வாரங்களுக்குள் இலைகள் பச்சையாகவே உதிர்ந்தன. மனம் பதறி நீர் ஊற்றினேன். காலையில் காவலரும் நண்பகலில் துப்புரவுப் பணியாளரும் அவ்வாறே ஊற்றிவந்ததை நான் அறியேன். ஒருவர் உரமும் இட்டார். மாத இறுதியில் எஞ்சியவை வெறுங்கிளைகளே. 'பட்டுப்போனது, அகற்றலாம்' என்ற குறிப்பு என் கையொப்பத்திற்கு வந்தது.

அன்று சான்றிதழ் அளிக்க வந்திருந்த முதியவர் ஒருவர், மத்தியப் பொதுப்பணித் துறையின் தோட்டக்கலைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர் மரத்தருகே சென்று, ஒரு கிளையின் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டினார். உள்ளே பசுமை தெரிந்தது. "உயிர் இருக்கிறது, சாகிப். இடம் மாறிய வருத்தத்தில் இலையை உதிர்த்திருக்கிறது. நீங்கள் நீரூற்றிக் கொல்லப் பார்க்கிறீர்கள்" என்றார். கையொப்பமிடாமல் குறிப்பைத் திருப்பி அனுப்பினேன். வணிகவியல் படித்த எனக்குத் தாவரவியலில் கிடைத்த முதல் பாடம் அது. அவரிடம் கற்றதையும், பின்னர் மரம் வளர்த்து அறிந்ததையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

உதிரும் இலை உரைப்பது என்ன?

இலை உதிர்வு என்பது நோயன்று, நோயின் அறிகுறி. எவ்வகை இலை உதிர்கிறது என்று பார்த்தால் காரணம் பெரும்பாலும் புலப்படும்.

பச்சை இலைகள் திடீரென உதிர்ந்தால், இட மாற்றம், ஒளிக் குறைவு, குளிர்காற்று ஆகியவற்றில் ஒன்றே காரணமாக இருக்கும். பழகிய ஒளியை இழந்த மரம், தாங்க இயலாத இலைகளைக் கழித்துவிடுகிறது. அடிக்கடி இடமாற்றல் பெறும் வங்கி அலுவலர்களுக்கு இந்த வருத்தத்தை விளக்க வேண்டியதில்லை. நாற்றங்காலில் இருந்து புதிதாக வாங்கிவந்த மரமும் முதல் சில வாரங்கள் இலை உதிர்ப்பது இயல்பே.

பல இலைகள் மஞ்சளாகி உதிர, மண்ணும் ஈரமாகவே இருந்தால், நீர் மிகுதி என்று கொள்ளலாம். ஈரம் வற்றாத மண்ணில் வேர்களுக்குக் காற்று கிட்டாது, அவை அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது என்பதால் மரம் வாடுகிறது. வாட்டத்தைக் கண்டு நாம் மேலும் நீர் ஊற்றுகிறோம். எங்கள் கிளையில் நிகழ்ந்தது இதுவே.

இலைகள் மொறமொறப்பாகக் காய்ந்து, மண் தொட்டியின் ஓரத்தை விட்டு விலகி நின்றால், நீர்க் குறைவு. மண்ணின் மேற்பரப்பில் வெண்மையாகப் படிவு தோன்றி, இலை நுனி கருகினால், ஆழ்குழாய் நீரின் உப்போ மிகுதியான உரமோ தேங்கியுள்ளது எனலாம். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தொட்டியை வெளியே எடுத்துச்சென்று, அடித்துளை வழியே நன்கு வடியும்வரை நல்ல நீர் ஊற்றினால் உப்பு கரைந்து வெளியேறும்.

இலையின் பின்புறத்தையும் பாருங்கள்

தரையிலோ இலையிலோ பிசுபிசுப்பு தென்பட்டால், சாறுறிஞ்சும் பூச்சிகள் உள்ளன என்று பொருள். தண்டிலும் இலை நரம்பிலும் பழுப்புப் பொருக்கு போல் ஒட்டியிருப்பவை செதிற்பூச்சிகள். இலைக் கணுக்களில் பஞ்சு போல் வெளுத்திருப்பவை மாவுப்பூச்சிகள். அவற்றின் கழிவான இனிப்பு நீரின் மேல் கரிய பூசணம் படரும். குளிர்காலத்தின் வறண்ட காற்றில் இலைகள் புள்ளி புள்ளியாக வெளிறி, பின்புறத்தில் நுண்ணிய வலை தென்பட்டால் அது சிலந்திப்பேன்.

முதலில் ஈரத் துணியால் இலைகளின் இருபுறமும் துடைத்திடுக. பின்னர், ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலை வேளையில் தெளிக்கலாம். வாரம் ஒருமுறையாக மூன்று அல்லது நான்கு வாரங்கள் தொடர்தல் வேண்டும். ஒருமுறையோடு நிறுத்தினால், முட்டைகளிலிருந்து புதிய பூச்சிகள் தோன்றும். முதலில் ஓரிரு இலைகளில் தெளித்துப் பார்த்த பின்னரே மரம் முழுவதும் தெளித்தல் நன்று.

வருமுன் காத்தல்

சன்னலருகே நல்ல வெளிச்சமான இடத்தைத் தேர்ந்து, அங்கேயே நிலையாக வைக்க வேண்டும். குளிரூட்டியின் காற்றும் வெப்பமூட்டியின் அனலும் நேரே படலாகாது. நீர் ஊற்றும் முன் விரலை இரண்டு அங்குலம் மண்ணில் நுழைத்துப் பார்த்து, அங்கு உலர்ந்திருந்தால் மட்டுமே ஊற்றலாம். குளிர்காலத்தில் தேவை வெகுவாகக் குறையும். தொட்டியில் அடித்துளை இன்றியமையாதது; அழகுக்கான வெளித்தொட்டியில் தேங்கும் நீரை அவ்வப்போது கொட்டிவிட வேண்டும். நலிந்த மரத்திற்கு உரம் இடலாகாது. தளிர்க்கும் காலத்தில் சிறிதளவு போதும். புதிதாக வாங்கிய செடியை இரண்டு மூன்று வாரங்கள் தனியே வைத்திருந்து, பூச்சியில்லை என்று அறிந்த பின் மற்றவற்றோடு சேர்க்கலாம். இம்மரத்தின் பால் சிலருக்குத் தோல் அரிப்பையும் ஒவ்வாமையையும் உண்டாக்கும். ஆதலால் கிளை நறுக்கும்போது கையுறை அணிவதும், குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் இலையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்வதும் நல்லது.

எல்லாவற்றினும் முதன்மையானது, பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தல். பலர் வரவு வைத்து ஒருவரும் பதிவு செய்யாத கணக்கு எப்படி ஒத்துப்போகும்? அதுபோலவே, ஒரே நாளில் இடத்தையும் மண்ணையும் உரத்தையும் மாற்றுவதும் தவறு. வேர் அழுகல் போன்ற அவசர நிலை தவிர, ஒரு மாற்றத்தைச் செய்து, சில வாரங்கள் பொறுத்திருந்து பயனைப் பார்த்தல் வேண்டும்.

எங்கள் மரத்தின் நிலையோ அவசரமானது. முதியவரின் மேற்பார்வையில் அதனைத் தொட்டியினின்று எடுத்தோம். கருத்துக் குழைந்திருந்த வேர்களை அவர் வெட்டி நீக்கினார். தோட்ட மண், மணல், மட்கிய எரு கலந்து புதிதாக நட்டார். மரம் மீண்டும் கிழக்குச் சன்னலுக்குச் சென்றது. நீர் ஊற்றும் பொறுப்பு காவலர் ஒருவருக்கே அளிக்கப்பட்டது. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் எந்த மாற்றமும் இல்லை. மாதம் ஒருமுறை ஒரு சிறு கிளையைச் சுரண்டிப் பசுமை கண்டு ஆறுதல் அடைந்தேன். மார்ச் மாதம், ஆண்டிறுதிக் கணக்கு முடிக்கும் பரபரப்புக்கிடையே, காவலர் வந்து அழைத்தார். கிளை நுனிகளில் தளிர்கள் ஊசி போல் எழுந்திருந்தன.

அடுத்த நவம்பரில் அம்முதியவரால் கிளைக்கு வர இயலவில்லை, நடை தளர்ந்திருந்தது. சான்றிதழ் பெற நானே அவரது இல்லத்திற்குச் சென்றேன். மழைக்காலத்தில் அம்மரத்தின் கிளையொன்றை நறுக்கி நட்டு வேர்விடச் செய்த சிறு கன்றையும் கொண்டுசென்றேன். கையொப்பமிட்டு முடித்ததும் தொட்டியை மடியில் வாங்கிக்கொண்ட அவர், மண்ணுக்குள் விரலை நுழைத்துப் பார்த்தார்.

"நீர் இன்னும் சற்று அதிகந்தான், சாகிப்" என்றார்.