எண்ணிப் பார்த்தோமா?

“சொன்ன பேச்சைக் கேட்கவே மாட்டான்.” “ஒரு நிமிடம் உட்கார மாட்டான்.” “படிப்பில் கவனமே கிடையாது.” தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி, டியூஷன் வகுப்பு என எங்குப் போனாலும் ஒரு மாணவனைப் பற்றியாவது இப்படிக் கேட்டிருப்போம். முதலாம் ஆண்டில் ஒட்டிய பெயர் சிலருக்கு ஆறாம் ஆண்டு வரை கூடவே வரும். ஆனால், அவன் உண்மையில் எத்தனை நிமிடம் உட்காருகிறான்? யாராவது எண்ணிப் பார்த்தார்களா?

எண்ணிப் பார்ப்பதிலிருந்தே தொடங்கும் துறை ஒன்று உண்டு. அதன் பெயர் பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு, சுருக்கமாக ஏபிஏ. நம் நாட்டில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான மையங்களில்தான் இந்தப் பெயர் அதிகம் அடிபடுகிறது. ஆனால் அதன் ஆய்வுமுறை எந்த வகுப்பறைக்கும் பொருந்தும்.

எதை அளப்பது?

அளப்பது நமக்குப் புதிதல்ல. ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் இன்று எங்கும் செம்பனைதான். ஆனால் பேராக் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிமார் பலர் பால் வெட்டியவர்கள். விடியலில் பெரட்டு, வெட்டு முடிந்ததும் கிராணி பாலை நிறுத்துக் கணக்கில் எழுதுவார். செய்த வேலையை, அது விட்டுச் செல்லும் பொருளைக் கொண்டு அளக்கும் முறை இது. ஆசிரியர் முடித்த கணக்குகளை எண்ணி மதிப்பெண் போடுவதும் இதே வகைதான்.

இதில் ஒரு குறை உண்டு. மழையில் பட்டை நனைந்து வெட்டு தாமதமானதா, இலையுதிர் காலத்தில் பால் குறைந்ததா, பிள்ளைகள் கூட நின்று உதவினார்களா என்பதைத் தராசு சொல்லாது. அதனால் நடத்தை நிகழும்போதே நேரில் பார்த்துக் குறிப்பதும் தேவைப்படுகிறது. எத்தனை முறை, எவ்வளவு நேரம், எந்த இடைவெளியில் என்று குறிப்பார்கள்.

அதற்கு முன் சொல்லைத் தெளிவாக்க வேண்டும். ‘குறும்பு’ என்பதை எண்ண முடியாது. ஆளுக்கு ஒரு கணக்கு வரும். ‘அனுமதி கேட்காமல் நாற்காலியை விட்டு எழுதல்’ என்றால் எண்ணலாம். இருவர் தனித்தனியே குறித்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். குறைந்தது 80 விழுக்காடாவது ஒத்துப்போக வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு.

இத்துறை முன்னோடிகளில் ஒருவரான ஆக்டன் லிண்ட்ஸ்லி ஒரு வேடிக்கையான சோதனையையும் வைத்தார். பிணத்தால் செய்ய முடிந்தது எதுவும் நடத்தை ஆகாது! ‘பேசாமல் இருத்தல்’ அந்தச் சோதனையில் தோற்றுவிடும். ‘கேள்விக்குப் பதில் எழுதுதல்’ தேறிவிடும்.

180 கட்டங்கள்

1968-இல் ‘ஜர்னல் ஆஃப் அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ்’ ஆய்விதழ் தொடங்கியது. வேன்ஸ் ஹால், டயேன் லண்ட், டெலோரிஸ் ஜாக்சன் மூவரும் எழுதிய ஆய்வு முதல் இதழிலேயே வந்தது. களம், அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஏழ்மை மிகுந்த பகுதிப் பள்ளிகள்.

அதில் ஒரு மூன்றாம் ஆண்டு மாணவன். பாட நேரத்தில் ரப்பர் பேண்டைச் சுண்டுவான். பையிலிருக்கும் பொம்மையோடு விளையாடுவான். பக்கத்துப் பையனோடு சிரிப்பான். ஆய்வாளர்கள் அவனுக்குப் பெயர் வைக்கவில்லை. அரை மணி நேரத்தைப் பத்துப் பத்து வினாடியாகப் பிரித்தார்கள். மொத்தம் 180 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அவன் படிக்கிறானா என்று குறித்தார்கள். சராசரி 25 விழுக்காடு. இதுவே ‘அடிப்படை நிலை’.

கூடவே இன்னொன்றையும் குறித்தார்கள்: ஆசிரியர் எப்போது அவனிடம் பேசுகிறார்? அவருடைய கவனத்தில் 55 விழுக்காடு, அவன் படிக்காமல் இருந்தபோதே கிடைத்தது. “அதை உள்ளே வை”, “வேலையைச் செய்” என்ற அதட்டலும் கவனம்தானே!

அடுத்து ஆசிரியர் தம் வழக்கத்தை மாற்றினார். அவன் ஒரு நிமிடம் தொடர்ந்து படித்தால், பார்வையாளர் ஒரு சிறிய வண்ணக் காகிதத்தைத் தூக்கிக் காட்டுவார். உடனே ஆசிரியர் அருகில் சென்று பாராட்டுவார். விளையாடினால் கண்டுகொள்ளமாட்டார். சராசரி 71 விழுக்காட்டுக்கு உயர்ந்தது.

வெற்றி என்று அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வேறு காரணமும் இருக்கலாமே? பாடம் எளிதாகியிருக்கலாம், வீட்டில் ஏதாவது மாறியிருக்கலாம். அதனால் ஆசிரியர் வேண்டுமென்றே பழைய வழக்கத்துக்குத் திரும்பினார். சராசரி 50-க்கு இறங்கியது. பாராட்டு மீண்டும் தொடங்கியதும் 70-க்கும் 80-க்கும் இடையே நின்றது. கொடுத்தால் ஏறுகிறது, எடுத்தால் இறங்குகிறது, மறுபடி கொடுத்தால் ஏறுகிறது. நூறு பேர் தேவையில்லை. ஒரே மாணவனை வைத்தே காரணத்தை நிறுவிவிடலாம்.

எல்லாவற்றையும் இப்படித் திருப்ப முடியாது. வாசிக்கக் கற்றவன் அதை மறக்கமாட்டான். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளையின் உதவியை, சோதனைக்காக நிறுத்துவது முறையும் அல்ல. அப்போது ‘பல அடிப்படை நிலை’ முறை கைகொடுக்கும். புதிய உத்தியை முதலில் தமிழ்ப் பாடத்தில் மட்டும், இரு வாரம் கழித்துக் கணிதத்தில், பிறகு மலாய்மொழியில் தொடங்க வேண்டும். உத்தி தொடங்கிய பாடத்தில் மட்டும், தொடங்கிய பிறகு மட்டும் முன்னேற்றம் தெரிந்தால் காரணம் அந்த உத்திதான்.

யாருக்காக எண்ணுகிறோம்?

இந்தக் கருவி தவறான கையிலும் சேரலாம். 1972-இல் அதே ஆய்விதழில் வினெட், விங்க்லர் இருவரும் கடுமையாகக் கேட்டார்கள்: அசையாமல், பேசாமல், அடங்கி இருக்க மட்டுமா பிள்ளைகளைப் பழக்குகிறோம்? தொடக்கக் காலத்தில் அடியையும் மின்னதிர்ச்சியையும் பயன்படுத்திய ஆய்வாளர்களும் இத்துறையில் இருந்தார்கள். யாருக்கும் கேடு செய்யாத கையசைவைக்கூட அடக்கப் பழக்கினார்கள் என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் இன்றும் எதிர்ப்புத் தெரிவிக்கிறார்கள். அந்தக் குரலை ஒதுக்கிவிட்டு இந்தத் துறையைப் படிக்க முடியாது.

கிராணியின் கணக்கு தோட்டத்துக்காக எழுதப்பட்டது. நடத்தைக் கணக்கு, எண்ணப்படுகிறவனின் நன்மைக்காக எழுதப்பட வேண்டும். ‘பயன்பாட்டு’ என்ற சொல் இத்துறையின் பெயரில் இருப்பதும் அதற்காகத்தான்.

கன்சாஸ் மாணவனின் கதையில் முதலில் மாறியது யார்? ஆசிரியர். எண்ணத் தொடங்கியதும், “இவனுக்கு என்ன கோளாறு?” என்ற கேள்வி, “இவன் இதைச் செய்ததும் நாம் என்ன செய்கிறோம்?” என்று மாறுகிறது.

தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் நண்பர்களே, இந்த வாரம் முயன்று பாருங்கள். ஒரு நடத்தையைத் தெளிவாக வரையறுத்து, எதையும் மாற்றாமல் ஐந்து நாள் குறியுங்கள். பக்கத்திலேயே இன்னொரு பத்தியில், அடுத்த நொடி நீங்கள் என்ன செய்தீர்கள் என்றும் எழுதுங்கள். ஆறாம் நாள், முதலில் அந்த இரண்டாம் பத்தியைப் படியுங்கள்.