சுக்கான் பிடிக்க மூன்றாவது கை: சிறு பாய்மரப் படகும் அதன் எஞ்சினும்

திருத்தக்கதேவரின் சீவகசிந்தாமணியைப் படித்தவர்கள் மயிற்பொறியை மறந்திருக்க முடியாது. சச்சந்த மன்னன் தன் கருவுற்ற தேவி விசயையைக் காப்பாற்றச் செய்வித்த பறக்கும் இயந்திரம் அது. பொறியை வலப்பக்கம் திருப்பினால் மேலே எழும். இடப்பக்கம் திருப்பினால் இறங்கும். தேவி பலநாள் பழகி ஓட்டவும் கற்றுக்கொண்டாள். ஆனால் கட்டியங்காரனின் வெற்றி முரசு காதில் விழுந்ததும் அவள் மயங்கிவிட, இயந்திரம் போய் இறங்கிய இடம் சுடுகாடு. பிடித்த கை ஓய்ந்தால் பொறி தன் போக்கில் போகும் என்பதைத் தேவர் அன்றே நன்றாக அறிந்திருந்தார் என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு.

இதை ஏன் இங்கே இழுக்கிறேன் என்றால், ஒரு கடல் விஷயத்தைச் சொல்வதற்காகத்தான். மைசூரில் ராமாபுரத்தில் இருந்துகொண்டு டீசல் பம்புசெட் உதிரிபாகம் விற்கிறவனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் மெரினாவில் காலை நனைத்ததோடு சரி. ஆனால் டீசல் எஞ்சின் எங்கே இருந்தாலும் டீசல் எஞ்சின்தான். என் அக்கா மகன் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துப் பக்கம், ஃப்ரீமேண்டில் துறைமுகத்தை ஒட்டிக் குடியிருக்கிறான். அங்கே 30 அடி நீளப் பாய்மரப் படகு ஒன்றைப் பழசாக வாங்கினான். எல்லாம் சர்வீஸ் ஆகிவிட்டது என்று விற்றவர் சொன்னாராம். நானும் எத்தனையோ பேரிடம் இதே வார்த்தையைக் கேட்டிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 2 மணிக்கு, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், போன் வந்தது. அங்கே அப்போது நாலரை மணி. "மாமா, எஞ்சின் நின்னுடுச்சு. காத்தும் இல்லை. பெரிய கப்பல் போற வழிக்குப் பக்கத்திலே நிக்கிறோம்" என்றான். கூட அவன் மனைவியும் எட்டு வயதுப் பெண்ணும். ராட்னெஸ்ட் தீவுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழி. "முதல்லே நங்கூரத்தைப் போடு. அப்புறம் பேசு" என்றேன். எனக்கு உள்ளுக்குள்ளே நடுக்கம்தான், ஆனாலும் குரலில் காட்டவில்லை.

எஞ்சின் எப்படி நின்றது என்று கேட்டேன். பட்டென்று நிற்கவில்லை, இரண்டு முறை திணறி, வேகம் ஏறி இறங்கி, பிறகு நின்றது என்றான். அதுவே பாதி வைத்தியம். சூடாகி நின்றிருந்தால் தண்ணீர்ப் பக்கம் பார்க்க வேண்டும். திணறி நின்றால் டீசல் பக்கம். பில்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்து வடிக்கச் சொன்னேன். டீசல் வரவில்லை, டீக்கடை வடிகட்டிச் சக்கை மாதிரி வந்தது என்றான்.

நடந்தது இதுதான். துறையிலே கட்டிக் கிடக்கும் படகில் டேங்க் பாதி காலியாக இருந்தால், மேலே உள்ள காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து பாசிபோலப் படியும். துறையில் அசையாமல் நிற்கும்வரை ஒன்றும் தெரியாது. கடலில் அலையடித்துக் குலுங்கியதும் அடிச்சகதி முழுக்கக் கலங்கிப் பில்டரை அடைக்கும். ஆகவே எஞ்சின் நிற்பது எப்போதும் மோசமான இடத்தில்தான். அது தலைவிதியல்ல, காரணம் இருக்கிறது.

புதுப் பில்டர் ஒன்று பெட்டியில் இருந்தது, புண்ணியம். மாற்றியபின் ஏர் எடுக்க வேண்டும். நம்ம ஊர் கிணற்றடி மெக்கானிக் செய்வதேதான்: பில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பின் நெம்புகோலை அழுத்திக்கொண்டே, குமிழி நின்று சுத்த டீசல் வரும்வரை விடுவது, பிறகு இஞ்ஜெக்‌ஷன் பம்பிலும் அப்படியே, அதற்கும் மசியாவிட்டால் நாசிலுக்குப் போகும் குழாய்களின் நட்டைத் தளர்த்திச் சுற்றவிடுவது. அவன் சுற்றப் போகும்போதுதான் ஞாபகம் வந்து கத்தினேன்: "கடல்தண்ணி வால்வை மூடிட்டுச் சுத்து!"

இது பம்புசெட்டுக்காரர்களுக்குத் தெரியாத சங்கதி, நானும் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். படகு எஞ்சினில் கடல்நீரைப் புகைக்குழாயில் பீய்ச்சிப் புகையோடு வெளியேற்றுகிறார்கள். எஞ்சின் ஓடினால் புகையின் அழுத்தம் தண்ணீரை வெளியே தள்ளும். ஓடாமல் செல்ஃப் மோட்டாரை மட்டும் நெடுநேரம் சுற்றினால் சைலன்சர் நிரம்பி, தண்ணீர் பின்வாங்கிச் சிலிண்டருக்குள்ளேயே போய்விடும். பிறகு எஞ்சினைக் கழற்றத்தான் வேண்டும். பற்றிக்கொண்ட உடனே வால்வைத் திறந்துவிட வேண்டும் என்பதும் முக்கியம்; மறந்தால் ரப்பர் இம்பெல்லர் சில நிமிடங்களில் வறண்டு கிழிந்துபோகும்.

நாற்பது நிமிடத்தில் எஞ்சின் பற்றியது. பின்னணியில் அந்தக் குழந்தை கைதட்டியது போனில் கேட்டது. எனக்குச் சட்டை நனைந்திருந்தது.

அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். சுருக்கம் இது. டேங்கை நிறைத்தே வை. எண்ணெயை மணிக்கணக்குப் பார்த்து மாற்று. மணி ஆகாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்று. இம்பெல்லரில் இறகு ஒன்று உடைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடு, அது உள்ளே போய் அடைக்கும். துத்தநாகக் கட்டியைப் பாதி கரைந்ததுமே மாற்று. அது கரைவதால்தான் மற்ற உலோகம் கரையாமல் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பாட்டரி சுவிட்சை அணைக்காதே, ஆல்டர்னேட்டரின் டயோடு போய்விடும். பாட்டரி ஏற்றுவதற்காகவே சுமையில்லாமல் மெதுவாக மணிக்கணக்கில் ஓட்டாதே. டீசல் எஞ்சினுக்கு வேலை வேண்டும், இல்லாவிட்டால் புகைக்குழாய் முழங்கையில் கரி கட்டும்.

அடுத்த கேள்வி அவனிடமிருந்தே வந்தது. "மாமா, நானும் அவளும் ரெண்டே பேர். ராத்திரி யார் சுக்கான் பிடிக்கிறது?"

அவனுக்கு அந்த ஆசையைக் கிளப்பியது ஒரு நம்ம பெண்தான். 2024 நவம்பரில் ஐ.என்.எஸ்.வி. தாரிணி ஃப்ரீமேண்டிலில் வந்து நின்றபோது இவனும் போய்ப் பார்த்திருக்கிறான். கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும், புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும் இரண்டே பேராக, 2024 அக்டோபர் 2-ல் கோவாவில் கிளம்பி, ஃப்ரீமேண்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப்டவுன் வழியாக உலகைச் சுற்றி 2025 மே 29-ல் கோவா திரும்பினார்கள். 25,000 கடல் மைலுக்கும் மேல், பாயின் பலத்திலேயே. தாரிணி 56 அடிப் படகு, கோவாவிலேயே கட்டப்பட்டது. எட்டு மாதம் இரண்டு பேர் மாறிமாறித் தூங்கி, சமைத்து, பாய் இறக்கி ஏற்றியிருக்கிறார்கள் என்றால், இருவர் கையும் சுக்கானிலேயே இருந்திருக்க முடியாது.

இந்த மூன்றாவது கை இரண்டு ஜாதி. ஒன்று மின்சாரம், திசைகாட்டியைப் பார்த்து மோட்டாரால் சுக்கானைத் தள்ளும். இன்னொன்று காற்றாலேயே இயங்குவது. படகின் பின்புறம் ஒரு தகடு காற்றுக்கு நேரே விளிம்பைக் காட்டி நிற்கும். படகு வழி தவறித் திரும்பினால் காற்று தகட்டின் பக்கவாட்டில் மோதிச் சாய்க்கும். அந்தச் சாய்வு, தண்ணீரில் தொங்கும் ஒரு துடுப்பைச் சற்றே முறுக்கும். ஓடும் தண்ணீர் அந்தத் துடுப்பைப் பலமாக ஒரு பக்கம் தள்ள, கயிறுகள் சுக்கான் கைப்பிடியை இழுத்து வழிக்குக் கொண்டுவரும். தகட்டுக்கு ஒரு விரல் பலம்; துடுப்புக்கு ஆள் பலம். காற்று யோசனை சொல்கிறது, தண்ணீர் வேலை செய்கிறது. வேகம் கூடக்கூட பலமும் கூடும், மின்சாரம் ஒரு துளி வேண்டாம்.

1960-ல் பிளிமத்திலிருந்து நியூயார்க்குக்குத் தனியாள் படகுப் போட்டி முதன்முதலாக நடந்தது. அதில் ஹாஸ்லர், சிசெஸ்டர் இருவரும் இப்படித் தாங்களே செய்த காற்றுப்பொறியோடு போனார்கள். சிசெஸ்டர் தன்னுடையதற்கு மிராண்டா என்று பெயரே வைத்தார். 40 நாளில் அவர் முதலில் சேர்ந்தார். நம் நாட்டு அபிலாஷ் டோமி 2023 ஏப்ரல் 29-ல் இரண்டாவதாக முடித்த கோல்டன் குளோப் போட்டியில் மின் சுக்கானுக்கே அனுமதி இல்லை, காற்றுப்பொறி மட்டும்தான்.

எதைத் தேர்ந்தெடுப்பது? கைப்பிடிச் சுக்கான் உள்ள படகுக்கு மேலே சொன்ன ஊசல் துடுப்பு வகை (ஏரிஸ், மானிட்டர், விண்ட்பைலட் எல்லாம் இந்த வகை) தோதானது. சக்கரச் சுக்கான் என்றால் கயிறு நீண்டு, உராய்ந்து, பலம் வீணாகும். ஹைட்ராலிக் சுக்கானுக்கு இது சரிப்படாது. தனக்கென்று தனிச் சுக்கானே வைத்திருக்கும் ஹைட்ரோவேன் வகைதான் நல்லது. படகின் சுக்கான் உடைந்தால் அவசரச் சுக்கானாகவும் அது உதவும்.

இரண்டு குறை உண்டு, வாங்குமுன் தெரிய வேண்டும். காற்றுப்பொறி காற்றைப் பார்த்து ஓட்டும், திசையைப் பார்த்தல்ல. நடுராத்திரி காற்று திரும்பினால் படகும் கூடவே திரும்பிக் கரையை நோக்கிப் போகும்; சத்தமே போடாது. அதனால் ஒருவர் விழித்திருந்து திசைகாட்டியைப் பார்த்தே ஆக வேண்டும். அடுத்து, எஞ்சினில் போகும்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்று முன்னாலிருந்தே வீசுவதுபோல இருக்கும், தகடு குழம்பிவிடும். இதற்கு ஒரு உபாயம்: காற்றுத் தகட்டைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு சிறிய மின் சுக்கானை இணைப்பது. பாரமான வேலையைத் தண்ணீர்த் துடுப்பே செய்வதால் மிகக் குறைந்த கரண்ட் போதும். இதைக் கண்டுபிடித்தவர் யாரோ, நல்ல வியாபாரி புத்தி.

இன்னொன்று, பாய்களைச் சமன் செய்யாமல் பொறியைக் குறை சொல்லக்கூடாது. கையால் பிடித்தாலே தோள் வலிக்கும்படி படகு ஒரு பக்கம் இழுத்தால், பெரிய பாயைக் குறைக்க வேண்டும். ஒரு விரலால் பிடிக்கும் அளவுக்குச் சுக்கான் லேசானபின்தான் பொறியிடம் ஒப்படைக்கலாம்.

அவன் பழைய ஊசல்வகைப் பொறி ஒன்றை வாங்கி மாட்டினான். முதல் இரண்டு வாரம் படகு பாம்புபோல வளைந்து வளைந்து போயிற்று. கயிற்றில் தொய்வு இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு விரல் தொய்வு இருந்தது. இறுக்கினான், சரியாயிற்று. இப்போது வாரக்கடைசியில் அந்தப் பெண் குழந்தைதான் காற்றுத் தகட்டைத் திருப்பி வைக்கிறாளாம். என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "மயில், தாத்தா" என்றாள். பில்டர் மட்டும் ஆறு வாங்கிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.