மடங்காத விரலும் வேலூர் மருத்துவமும்

அலசூரில் வாழும் நம் சங்கத்துத் தாயொருவருக்குச் சென்ற கோடையில் நேர்ந்தது இது. அரிவாள்மணையில் பலாக்காய் நறுக்குங்கால் வலக்கை மோதிர விரலின் அடியில் வெட்டுப் பட்டது. அருகிலிருந்த மருத்துவர் தோலைத் தைத்தனுப்பினார். காயம் ஆறிற்று, விரல் நுனியோ மடங்க மறுத்தது. இரண்டு திங்கள் கழிந்த பின்னரே நம்மிடம் காட்டினார்.

நம்மவர் நரம்பு என்று வழங்குவது உண்மையில் தசைநாண். முன்கைத் தசை சுருங்கி இழுக்க, உள்ளங்கைப் பக்கத்து நாண்கள் விரலை மடக்குகின்றன. புறங்கை நாண்கள் நிமிர்த்துகின்றன. அறுந்த நாணின் மேல்முனை உள்ளங்கைக்குள் பின்வாங்கிவிடும். முதற் சில நாட்களில் தைத்தால் பெரும்பாலும் இயக்கம் மீளும். வாரங்கள் பல சென்றுவிட்டாலோ தழும்பு இறுகி, வேறிடத்து நாணை எடுத்து ஒட்ட நேரும். அத்தாயின் நிலை இதுவே. ஆதலின் விரலில் ஆழமாக வெட்டுப்பட்டால், ஒவ்வொரு கணுவும் தனித்தனியே மடங்குகிறதா என மெல்லப் பாருங்கள். மடங்காவிடில் கை அறுவையில் வல்லாரிடம் அன்றே செல்லுங்கள்.

பந்து பட்டோ, படுக்கை விரிப்பைச் செருகும்போதோ விரல் நுனி தொங்கிப்போதலும் உண்டு. நிமிர்த்தும் நாண் அறுந்ததன் குறி அது. பெரும்பாலும் கத்தி வேண்டா. நுனிக்கணுவைச் சிம்பு வைத்து நேராகக் கட்டி, 6 முதல் 8 வாரம் இரவும் பகலும் காக்கவேண்டும். குளிக்கையில் ஒருமுறை தொங்கவிட்டாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்தே!

இத்துறையில் வழிகாட்டிய ஊர்களுள் ஒன்று நம் வேலூர். 1914இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்தில், விரல்கள் கொக்கிபோல் வளைந்த ஒருவரின் கையைப் பற்றினார், பிடி இரும்பாயிருந்தது! உள்ளங்கைச் சிறுதசைகள் செயலிழந்தும் முன்கைத் தசை கெடவில்லை என்பது புலனாயிற்று. கெடாத தசையொன்றின் நாணைப் பெயர்த்து விரல்களோடு பிணைத்தார். தொழுநோயாளியின் உடலைக் கீறினால் ஆறாது என்ற நம்பிக்கையும் பொய்த்தது.

ஆனால் விரல் நிமிர்ந்தோருள் சிலர் மகிழவில்லை. வளைந்த கைக்குப் பிச்சை விழுந்தது. நிமிர்ந்த கைக்கு விழவில்லை. பழைய நோயை அறிந்து வேலை தருவாரும் இல்லை. அதன் பின்னரே கல்லூரி வளாகத்தில் புதுவாழ்வு நிலையம் எழுந்தது. அங்கே அவர்கள் தச்சுவேலை கற்று, அந்தக் கைகளாலேயே மரப்பொம்மைகள் செய்தனர்.