உடம்புக்கு நல்லதென்று பெயர் வாங்கியவை

குமரி மாவட்டம் மண்டைக்காட்டு அம்மன் கோவில் மாசிக் கொடைக்குக் கூடுகிற கடைகளில் இரண்டு வகைப் பண்டங்கள் விலைபோகும். அல்வாவும் மிட்டாயும் எண்ணெய்ப் பலகாரமும் ஒரு வகை. வாங்குகிறவருக்கே தெரியும், இது நாக்குக்காக. ஆகவே ஒரு துண்டோடு கை தானாக நின்றுவிடும். கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன், செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய், ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் ஆகியவை இன்னொரு வகை. இவற்றை வாங்கும்போது 'உடம்புக்கு நல்லது' என்ற நிம்மதியும் சேர்ந்தே பைக்குள் விழுகிறது. இந்த இரண்டாவது வகைதான் நம் ஊர்களில் அதிகம் கவனிக்கப்பட வேண்டியது என்பது என் வாதம். இவை விஷம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கெட்டது என்று தெரிந்ததற்கு நாமே ஒரு வரம்பு வைக்கிறோம். நல்லது என்று பெயர் வாங்கியதற்கு வரம்பே வைப்பதில்லை. உடம்போ பெயரைப் பார்ப்பதில்லை, அளவைத்தான் பார்க்கிறது.

மனம் இப்படித்தான் கணக்குப் போடுகிறது என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் அலெக்சாண்டர் செர்னெவ் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பர்கரை மட்டும் காட்டியபோது மக்கள் சொன்ன கலோரியைவிட, அதே பர்கரோடு கொஞ்சம் காய்த்துண்டுகளையும் வைத்துக் காட்டியபோது குறைவான கலோரியையே சொன்னார்கள். தட்டில் உணவு கூடியிருக்கிறது, கணக்கோ குறைந்திருக்கிறது. எண்ணெயில் பொரித்த அப்பளத்தோடும் பாயசத்தோடும் விருந்து சாப்பிட்டுவிட்டு, கடைசியில் மோர் குடித்ததால் எல்லாம் சமன் என்று எழுந்து போகிறோமே, அதே கணக்குதான்.

கருப்பட்டிக்கு ஏன் சலுகை?

'சுகர் இருக்கிறது, அதனால் சீனி போடுவதில்லை, கருப்பட்டிக் காப்பிதான்' என்ற பேச்சைக் குமரி மாவட்டத்தில் எந்தத் திண்ணையிலும் கேட்கலாம். அக்கானியை, அதாவது பதநீரை, காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி உறையவைக்கும் கருப்பட்டியில் ரசாயனம் சேர்த்து வெளுக்கும் வேலை கிடையாது. சுவையிலும் மணத்திலும் சீனி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. இவ்வளவும் உண்மை. ஆனால் அக்கானியின் இனிப்பு பெரும்பாலும் சுக்ரோஸ்; சீனியும் சுக்ரோஸ்தான். தண்ணீரும் கொஞ்சம் தாது உப்புகளும் இருப்பதால் எடைக்கு எடை கருப்பட்டியில் சர்க்கரை சற்றுக் குறைவு, அவ்வளவே. அந்தச் சிறு வித்தியாசத்தையும், 'இது நல்லதுதானே' என்று கூடுதலாகத் தட்டிப் போடும் ஒரு துண்டு ஈடுகட்டிவிடும்.

இரும்புச்சத்து இருக்கிறதே என்பது அடுத்த பதில். விற்பவர்கள் தாராளமாகச் சொல்லும் கணக்கையே எடுத்துக்கொள்வோம்: நூறு கிராமுக்கு 11 மில்லிகிராம். ஒரு டம்ளர் காப்பியில் 20 கிராம் கருப்பட்டி போட்டால் கிடைப்பது 2 மில்லிகிராம் சொச்சம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வயதுவந்த பெண்ணுக்குப் பரிந்துரைக்கும் அளவோ ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம். அதில் பாதியைக் கருப்பட்டியிலிருந்தே பெற வேண்டுமென்றால் 130 கிராம் தின்ன வேண்டும். ரத்தசோகைக்கு மருந்து தேடிப்போய்ச் சீனி வியாதியைக் கூட்டிவந்த கதையாகிவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், சேர்க்கப்படும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு இந்த 5 சதவீதம் என்பது ஏறக்குறைய 25 கிராம். சமைப்பவர் கையால் போடும் எல்லாச் சர்க்கரையும், தேனில் இயல்பாக இருப்பதும், பழச்சாற்றில் இருப்பதும் இதில் அடக்கம். மூன்று வேளை கருப்பட்டிக் காப்பியில் இந்த வரம்பு சத்தமில்லாமல் இரட்டிப்பாகிறது. கருப்பட்டி சர்க்கரையை மெதுவாகத்தான் ஏற்றும் என்று கிளைசெமிக் குறியீட்டைக் காட்டுகிறவர்கள், அந்த எண் வேகத்தைத்தான் சொல்கிறது, அளவைச் சொல்லாது என்பதை விட்டுவிடுகிறார்கள். இதற்கு மேல், கருப்பட்டியில் வெள்ளைச் சீனியையே கலந்து காய்ச்சும் கலப்படம் வேறு.

எல்லை தாண்டினால் கேரளம். 1956 வரை மண்டைக்காடும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. அடுப்படியில் அந்த உறவு இன்னும் விட்டுப்போகவில்லை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இந்தியாப்' என்ற நாடளாவிய ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம், கேரளத்தில் 25.5 சதவீதம். உணவு ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் இத்தனை பேர் நீரிழிவோடு வாழும் நிலத்தில் ஒரு இனிப்புக்கு மட்டும் விலக்குக் கொடுப்பது ஆபத்தான தாராளம்.

தேங்காய் எண்ணெய்: இரு பக்கச் சாட்சிகள்

கருப்பட்டி வழக்கு எளிது, தேங்காய் எண்ணெய் வழக்கு அப்படியில்லை. அதன் கொழுப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைகொழுப்பு. 2020-இல் 'சர்க்குலேஷன்' இதழில் வந்த தொகுப்பாய்வு, வெப்பமண்டலம் சாராத தாவர எண்ணெய்களோடு ஒப்பிடும்போது தேங்காய் எண்ணெய் எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ராலை டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூட்டுகிறது என்று கண்டது. நல்ல கொலஸ்ட்ராலும் கொஞ்சம் கூடுகிறது; ஆனால் அந்தக் கூடுதல் மாரடைப்பைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

எதிர்த்தரப்பில் கனமான சாட்சி ஒன்று கேரளத்திலிருந்தே வருகிறது. ஏற்கெனவே இதயநோய் உள்ள 200 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தேங்காய் எண்ணெய், மறு பாதிக்குச் சூரியகாந்தி எண்ணெய் என்று இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். 2016-இல் 'இந்தியன் ஹார்ட் ஜர்னல்' வெளியிட்ட முடிவு: கொலஸ்ட்ராலிலும் மாரடைப்பு முதலிய நிகழ்வுகளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தேங்காய் எண்ணெய் ஆர்வலர்கள் இதை அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள், காட்டலாம்தான். ஆனால் அந்த நோயாளிகள் உரிய சிகிச்சையில் இருந்தவர்கள். கொலஸ்ட்ரால் மருந்து உள்ளே போகும்போது எண்ணெயின் சாயல் தெரிவது கடினம். 200 பேர் என்பது மாரடைப்பு எண்ணிக்கையில் வித்தியாசம் பார்க்கப் போதாத கூட்டம். எல்லாவற்றையும்விட, வித்தியாசம் இல்லை என்பதுதான் அந்த முடிவு. இதயத்துக்கு மருந்து என்று அது எங்கும் சொல்லவில்லை.

'நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு உடம்பில் தங்காது' என்ற வாதமும் உலவுகிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வுகள் பெரும்பாலும் 8, 10 கார்பன் கொழுப்பு அமிலங்களைப் பிரித்தெடுத்துத் தயாரித்த எண்ணெயில் நடந்தவை. தேங்காய் எண்ணெயில் பாதியளவு இருப்பது 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். குடலிலிருந்து அது பெருமளவு போவது நீண்ட சங்கிலிக் கொழுப்பின் பாதையில்.

ஆகவே அவியலுக்கும் மீன் கறிக்கும் தேங்காய் எண்ணெயை விட வேண்டியதில்லை. அது போனால் அந்தக் கறிகளே போய்விடும். காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி குடிப்பதுதான் வேண்டாத வேலை. செக்கில் ஆட்டினால் மணம் தங்கும், நிறைகொழுப்பு குறையாது. தேங்காய் எண்ணெயில் பொரித்த ஏத்தங்காய் சிப்ஸ் பழத்தின் பெயரில் ஓடுகிற எண்ணெய்ப் பலகாரம்; நூறு கிராமில் 500 கலோரிக்கு மேல்.

டப்பாவில் வரும் ஆரோக்கியம்

கடை உணவில் இதே விளையாட்டை அட்டைப்பெட்டி செய்கிறது. பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கும் பொடிகளை 'ஹெல்த் டிரிங்க்' என்று பல ஆண்டுகளாக வாங்கினோம். 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அந்தப் பெயரின் கீழ் விற்க வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பதுதான் காரணம். டைஜஸ்டிவ் பிஸ்கட்டும், பழுப்பு நிறம் ஏற்றிய ரொட்டியும் இந்தக் குடும்பமே. பொட்டலத்தின் முன்பக்கம் விளம்பரம். பின்பக்கம் சேர்மானப் பட்டியலில் எது முதலில் இருக்கிறதோ அதுதான் அதிகம். மைதா, சீனி, பாமாயில் என்று அது தொடங்கினால் மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை.

பாட்டன் தின்றாரே என்றால்

தலைமுறை தலைமுறையாக இதைத் தின்றுதானே ஆரோக்கியமாக இருந்தார்கள் என்பது எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு. பசிபிக் கடலின் டோக்கெலாவ், புகாபுகா தீவு மக்களை வைத்து 1981-இல் வெளியான ஆய்வு இதற்குச் சாதகம்போலத் தோன்றும்: கலோரியில் பெரும்பங்கைத் தேங்காயிலிருந்தே பெற்ற அவர்களிடம் இதயநோய் அதிகம் காணப்படவில்லை. ஆனால் அவர்கள் தின்றது தேங்காயையே, நாரோடு, கூட மீன், சீனி மிகக் குறைவு. அப்போதும், தேங்காய் அதிகம் தின்ற டோக்கெலாவ் மக்களின் கொலஸ்ட்ரால் புகாபுகா தீவாரைவிட டெசிலிட்டருக்கு 35 முதல் 40 மில்லிகிராம் கூடுதலாகவே இருந்தது.

நம் பாட்டன்மாருக்கும் இது பொருந்தும். நாள்தோறும் இரு வேளை பனையேறியவர் உடம்பில் கருப்பட்டி தங்க நேரமில்லை. மண்டைக்காடு புதூரில் வள்ளம் தள்ளியவர் தட்டில் மரச்சீனிக் கிழங்கு குவிந்திருந்தாலும் பக்கத்தில் மீன் இருந்தது, செலவழிக்க உழைப்பும் இருந்தது. மாவுச்சத்தே பிரதானமான கிழங்குக்குப் புரதத்தை அந்த மீன் கொடுத்தது. இன்று பனையேற்றமும் இல்லை, வள்ளம் தள்ளுவதும் இல்லை. ஸ்கூட்டரில் போய் வாங்கி வந்து, மீனைக் குறைத்து, கிழங்கை அப்படியே வைத்துக்கொண்டோம். மரபு என்று நாம் காப்பாற்றியது பாதியைத்தான். மண்டைக்காட்டுக் கோவிலில் அம்மனுக்குப் படைக்கும் மண்டையப்பமும் இனிப்புதான். அது வழிபாட்டு நாளுக்கானது என்பதால் யாரும் அதை அன்றாடம் மூன்று வேளை தின்பதில்லை.

தேனில் ஒரு கண்டிப்பு

பெரியவர்களுக்கு மார்த்தாண்டம் தேன் கருப்பட்டியைப் போலவே ஓர் இனிப்பு; அளவோடு போகட்டும். பிறந்த குழந்தைக்கு நாக்கில் தேன் தொட்டுவைக்கும் சேனை வழக்கத்தில் மட்டும் அளவு என்ற பேச்சுக்கே இடமில்லை. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சு சுரந்தால் மலச்சிக்கல், பால் குடிக்க முடியாத சோர்வு, தசைத் தளர்ச்சி, மூச்சுத்திணறல் வரை போகலாம். தூய தேன், மலைத்தேன், வீட்டுக் கூட்டில் எடுத்த தேன் எதற்கும் விலக்கில்லை. காய்ச்சினாலும் இந்த வித்துகள் சாவதில்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், ஒரு வயது வரை தேன் ஒரு சொட்டும் வேண்டாம். தெரியாமல் கொடுத்துவிட்டு மேற்சொன்ன அறிகுறி ஏதேனும் கண்டால், தேன் கொடுத்ததை மறைக்காமல் சொல்லி அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.