வலிக்கு ஓர் அளவுகோல்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். காய்ச்சலையாவது வெப்பமானி காட்டிவிடும். தலைவலியைக் காட்டும் கருவி எது? பரீட்சையன்று காலையில் வயிற்றைப் பிசைகிறது. மருத்துவர் அழுத்திப் பார்த்து, “ஒன்றுமில்லை” என்கிறார். “மட்டம் போட ஒரு சாக்கு” என்கிறார்கள் வீட்டில். ஆனால் நமக்கு வலிப்பது உண்மை!

அச்சமோ கவலையோ எழும்போது மூளை உடலை எச்சரிக்கிறது. அட்ரினலின் என்னும் சுரப்புநீர் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, குடலின் இயக்கம் மாறுகிறது. இவ்வாறு மனத்தின் சுமை உடலில் வலியாக வெளிப்படுவதையே உளவுடல் அறிகுறி என்கிறோம்.

இதனை அளப்பது எப்படி? ஜான் ஏப்லி என்ற ஆங்கிலக் குழந்தை மருத்துவர் 1000 பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து, 1958-இல் முடிவுகளை வெளியிட்டார். மூன்று மாத காலத்தில் மூன்று முறையேனும், அன்றாட வேலையைத் தடுக்கும் அளவுக்கு வயிறு வலித்திருந்தால் அதைக் கணக்கில் கொண்டார். ஏறக்குறையப் பத்தில் ஒரு பிள்ளைக்கு அத்தகைய வலி இருந்தது.

1982-இல் இங்கிலாந்து, பின்லாந்து, நார்வே நாட்டு ஆய்வாளர்கள் மாணவர் உடல்நலம் பற்றிய ஓர் ஆய்வைத் தொடங்கினர். உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் அது இன்று ஐரோப்பாவெங்கும் பரவியுள்ளது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, 11, 13, 15 வயதினரிடம் எட்டு அறிகுறிகளைப் பற்றிக் கேட்கிறார்கள்: தலைவலி, வயிற்றுவலி, முதுகுவலி, தலைசுற்றல், மனச்சோர்வு, எரிச்சல், படபடப்பு, உறக்கம் வராமை.

“எவ்வளவு வலிக்கிறது?” என்று அவர்கள் கேட்பதில்லை. “கடந்த ஆறு மாதங்களில் எத்தனை முறை?” என்றே கேட்கிறார்கள். ஒருத்தியின் வலியை இன்னொருத்தியின் வலியோடு எடைபோட முடியாது. ஆனால் நாட்களை எண்ண முடியும். அநேகமாகத் தினமும், வாரத்தில் பலமுறை, வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை, அரிதாக அல்லது ஒருபோதுமில்லை என்ற ஐந்தில் ஒன்றை மாணவியே குறிக்கிறாள். பெயர் எழுத வேண்டியதில்லை. இரண்டு அறிகுறிகளேனும் வாரத்தில் ஒருமுறைக்கு மேல் வந்தால் அது கவனிக்கத்தக்கது.

சிறுவரைவிடச் சிறுமியரிடம் இவை மிகுதி என்பதும், வயது ஏற ஏறக் கூடுகின்றன என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தன. படிப்புச் சுமை மிகுந்தோரிடமும், பிறரின் கேலிக்கும் கொடுமைக்கும் ஆளாவோரிடமும் இவை அதிகம்.

ஒன்றை மறவாதிருப்போம். இப்பட்டியல் ஒரு கூட்டத்தின் நலனை அறிய உதவுமே தவிர, தனி ஒருவரின் நோயைக் கண்டறியாது. விடாத காய்ச்சல், எடை குறைதல், உறக்கத்திலிருந்து எழுப்பும் வலி ஆகியவை இருப்பின் மருத்துவரிடம் செல்வதே முறை.

தோழியரே! அடுத்த பரீட்சையன்று பக்கத்து இருக்கைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தால், “நடிக்காதே” என்று நகைக்க வேண்டாம். “எத்தனை நாளாக இப்படி?” என்று கேட்போம். அவளை நம்பிக் கேட்பதிலிருந்தே அந்த அளவுகோலும் தொடங்குகிறது.